சுவரில்லாத பூங்காவின் கேட்காரர்

பூங்காவின் கேட்காரருக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். காலை ஐந்துக்குத் திறப்பது, இரவு எட்டுக்குப் பூட்டுவது, இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. இதில் ஒரே ஒரு சிக்கல். பூங்காவுக்குச் சுவர் கிடையாது.

முன்பு இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இடித்தார்கள். சுவர் ஒரு இலாகா, கேட் வேறு இலாகா. அதனால் கேட் தப்பித்தது. அதன் இரண்டு பக்கமும் லாரியே போகலாம். ஆனாலும் நடைப்பயிற்சிக்காரர்கள் கேட் வழியாகத்தான் வருவார்கள். அப்படி வருகிறவர்களுக்கு அவர் எழுந்து நின்று ஒரு வணக்கம் வைப்பார். பக்கவாட்டில் நுழைகிறவர்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஒரு வணக்கத்துக்காக மனுஷன் எவ்வளவு தூரம் சுற்றிவருவான் என்பது அவருக்கு அத்துப்படி.

நோய் பரவியதும் எல்லாப் பூங்காக்களையும் மூடிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க உத்தரவு வந்தது. ஒப்படைத்தார். மறுநாள் காலை இருபது பேர் பூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். சர்க்கரை வியாதிக்கார வாத்தியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரம் மட்டும் விடக்கூடாதா என்று கெஞ்சினார். கேட்காரர் கையை விரித்தார். அவர் பயம் வேறு. எவனாவது பக்கவாட்டில் காலை வைத்து, அது மேலிடத்துக் கண்ணில் பட்டால் தீர்ந்தது கதை. சுவரில்லாத இடத்துக்குக் கேட் எதற்கு, அந்தக் கேட்டுக்கு ஆள் எதற்கு என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பத்தாம் நாள் மதியம் அதிகாரி வந்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார். உள்ளேயும் பார்க்க வேண்டும், திற என்றார். சாவி அய்யாவின் அலுவலகத்தில்தான் இருக்கிறது என்றார் கேட்காரர், பவ்யமாக. ஜீப் சாவிக்குப் பறந்தது. இருவரும் கேட்டின் முன்னால் வெயிலில் நின்றார்கள். முகக்கவசத்துக்குள் வேர்த்து வழிந்தது. பத்தடி தள்ளி, மரநிழலில் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி வந்தாள். கேட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்து போய்ப் பெஞ்சில் தூக்கை வைத்தாள்.

"ஏங்க, நிழல் இங்க இருக்கு. அங்க நின்னு என்ன பண்றீங்க?"

அதிகாரி இடது பக்கம் பார்த்தார். வலது பக்கமும் பார்த்தார். யார் இது என்று கேட்டார்.

"என் சம்சாரம்தான் சார். ஆனா சட்டம்னு வந்துட்டா எனக்குச் சம்சாரமும் கிடையாது," என்றவர் குரலை உயர்த்தினார். "வெளிய வாம்மா. பூங்கா மூடியிருக்கறது கண்ணுக்குத் தெரியல?"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே வந்து அதிகாரிக்குப் பின்னால் நின்றாள். சாவி வந்தது. கேட் திறந்தது. அதிகாரி உள்ளே நாலு எட்டு வைத்துத் திரும்பி, பூட்டச் சொல்லிவிட்டு எழுதினார்: பாதுகாப்பு திருப்தி. அத்துமீறல் ஒன்று, உடனே முறியடிப்பு. பக்கவாட்டில் இன்னொரு கேட்டும் அதற்கொரு ஆளும் அவசியம்.

அதை அவர் சத்தமாக வாசித்துக் காட்டியபோதுதான் கேட்காரருக்குப் போன உயிர் திரும்பியது.

"அந்த வேலைக்கு என்னைப் போடுங்க சார்," என்றாள் மனைவி. "அந்தப் பக்கம் வழி எனக்குத்தான் தெரியும்."

ஜீப்பில் ஏறப்போன அதிகாரி நின்று, முன் அனுபவம் எத்தனை வருஷம் என்று கேட்டார்.