ராகுவைப் பிடிக்கப் போலீஸ் வேண்டுமா?

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் எதிரில் பேசவே கூசுகிறவளை எழுத வைத்தது இந்த இங்கிலாந்து நர்ஸ்கள்தான். என் மகள் வாணியின் வயிற்றைத் தொடும் முன் "தொடலாமா?" என்று அவளிடமே கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். மாசமாக இருப்பவளின் வயிறு அவளுக்கே சொந்தமாம். எங்கள் பக்கத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. திருவண்ணாமலை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா என் வயிற்றில் கையை வைத்து, "பையன்தான், வயிறு கூரா இருக்குது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போனார்.

இங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸுக்கு மிட்வைஃப் என்று பெயர். எங்களுக்கு வாய்த்தவர் ஹெலன். நட்சத்திரம் கேட்கமாட்டார், வளைகாப்பு ஆயிற்றா என்று கேட்கமாட்டார். குழந்தை எப்படி அசைகிறது என்பதுதான் அவருக்குக் கவலை. "அசைவு குறைந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே போன் செய்யுங்கள். கடைசி மாதத்தில் அப்படித்தான் இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்" என்பார். சொல்லும்போது ஏனோ என்னைப் பார்ப்பார்.

ஒன்பதாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றேகால் மணி. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். வாணி முகம் வெளுத்துப்போய் வந்தாள். "அம்மா, காலையிலருந்து அசைவு ரொம்ப கம்மியா இருக்குது." ஹெலனுக்குப் போன் போட்டாள். உடனே புறப்பட்டு வரச் சொன்னார். அவள் போனை வைக்கும் முன்பே நான் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கண் ஊரிலிருந்து வரவழைத்த தினசரி காலண்டர் மேல் இருந்தது.

"நாலரை வரைக்கும் ராகு காலம்டி. கொஞ்ச நேரம்தானே?"

"இன்னாம்மா பேசற? கொழந்த அசையலன்றேன்."

"தூங்குதோ இன்னாவோ. இனிப்பா எதுனா குடி."

என்ன சண்டை என்று ஹெலன் போனில் கேட்டார். ராகு போனால்தான் அம்மா வெளியே விடுவாராம் என்று வாணி அழுகையோடு இங்கிலீஷில் சொன்னாள். ஹெலன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். யார் அந்த ராகு, உங்கள் வீட்டுக்காரரா, உங்களைத் தடுக்கிறாரா, ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள், போலீஸை அனுப்புகிறேன் என்றார். வாணி அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாணிக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை. கீழ்பென்னாத்தூர் பக்கத்து எங்கள் கிராமத்தில், அன்றைக்கும் இதே போல் அசைவு குறைந்தது. ஹெலன் சொன்னதையேதான் ஊருக்கு வரும் நர்ஸம்மாவும் சொல்லியிருந்தார். தமிழில் சொன்னதால் எங்களுக்கு அதன் மதிப்பு தெரியவில்லை. வாசலில் வேன் வந்து நின்றது. மாமனார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "கெட்ட நேரத்துல வாசப்படி தாண்டக்கூடாதும்மா. ஒன்றர மணி நேரம், தாங்கிக்க." வேன் டிரைவருக்கு இரண்டு தடவை டீ கொடுத்தார்கள். நல்ல நேரத்தில் புறப்பட்டு, நல்ல நேரத்தில் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாம் முறைப்படி நடந்தது. பிள்ளைதான் அழவில்லை.

இத்தனையும் பட்டவள்தான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹெலன் பிடிக்கவேண்டிய ஆள் ராகு இல்லை.

"போலீஸ் வேணாம்னு சொல்லு. கெளம்பு" என்றேன். செருப்பை நானே அவள் காலில் மாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டினார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு காகிதத்தில் கோடாக ஓடியது. நடுநடுவே கோடு கீழே இறங்கியது. ஆபரேஷன் செய்வதுதான் நல்லது என்றார்கள், ஏன் என்று வாணிக்கு விளக்கிச் சம்மதம் வாங்கினார்கள். ஏழே முக்காலுக்குப் பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். அவ்வளவு கோபமான அழுகையை நான் கேட்டதில்லை.

ஊரிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார். "பொறந்த டைம் சொல்லுங்க அண்ணி, ஜாதகம் எழுதணும்."

"இங்க செவ்வாக்கெழம ஏழே முக்கா. அங்க அப்ப புதன் பொறந்து கால் மணி நேரம் ஆயிடுச்சு."

"ரெண்டுல எதைப் போடறது?"

"அவளே பெரியவளாகி சொல்லட்டும்" என்றேன்.

மடியில் அவள் ஒரு கண்ணைத் திறந்தும் ஒரு கண்ணை மூடியும் படுத்திருந்தாள்.

அசைவு பற்றி ஹெலன் சொன்னதை நான் மறந்து மாற்றி எழுதியிருக்கலாம். நம் ஊர் நர்ஸம்மா யாராவது இதைப் படித்தால், ஒரு முறை சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.