பதினேழாம் எண் மரம்

சாலை மரங்களைக் கணக்கெடுக்கும் அவளை எல்லோரும் ‘ஆணி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துருப்பிடித்த ஆணி. அது பதினைந்து வயதில் வந்து சேர்ந்தது.

அவளுடைய அம்மா அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். அந்த வருஷம் நன்றாக இருந்த நான்கு மரங்கள் வரிசையாகப் பட்டுப்போயின. தண்ணீரில் எதையோ கலந்துவிட்டாள் என்று அம்மாமேல் பழி வந்தது. இன்னொரு மரம் பட்டால் வேலை போய்விடும். பதினெட்டு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தவளை அப்படிச் சொல்ல யாருக்கும் நாக்குக் கூசவில்லை.

மேற்பார்வையாளர் மாமா மட்டும் வீட்டுக்கு வந்து, டீ குடித்து, ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். மண்ணில் ஏதோ நோய் என்பார்.

மண்ணில் நோய் என்றால் மரத்தடிப் புல் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது? பள்ளிவிட்டு வரும்போதெல்லாம் அவள் நின்று பார்த்தாள். பட்ட நான்கும் புது விளம்பரப் பலகையை மறைத்து நின்றவை. யார் செய்தது, எப்படி என்பதுதான் பிடிபடவில்லை.

மரத்தில் எண் எழுதுவது மாமாவின் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் பெயிண்ட் அடிப்பார். ஒரு காலையில், பலகைக்கு முன்னால் மிச்சமிருந்த பதினேழாம் எண் மரத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருந்தது. பட்டுப்போன நான்கிலும் படுவதற்கு முன்னால் இப்படித்தான் புதுப் பட்டை இருந்தது. அக்கிரமத்தைக்கூட அரசாங்க ஒழுங்கோடு செய்த மனிதர்! மரத்தில் யாரோ அடித்திருந்த ஆணியைப் பிடுங்கிச் சுரண்டினாள். பெயிண்டுக்கு அடியில் மெழுகு. மெழுகுக்குப் பின்னால் விரல் பருமனில் ஒரு துளை. களைக்கொல்லி நெடி குப்பென்று அடித்தது.

பெரிய அதிகாரியைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள். மாமாவும் பின்னாலேயே ஓடிவந்தார்.

“படிக்கிற பிள்ளை, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?”

“எங்க வீட்டு டீயைக் குடிச்சிட்டே எங்கம்மா தலையில பழியைப் போட்டீங்களே மாமா. ஒரு வாய்கூடவா கசக்கல?”

மாமாவை வேறு பகுதிக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். பலகை அசையவில்லை. அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது: இம்முறை மன்னிக்கப்படுகிறது. செய்யாத தப்புக்கு மன்னிப்பாம்! அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு பதினேழாம் மரத்துக்குப் போனாள். அது பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த மாதம் அதுவும் பட்டுப்போயிற்று.

பல வருஷம் கழித்து, வேலையில் சேர்ந்த முதல் நாள், பழைய மரப் பதிவேடு அவள் கைக்கு வந்தது. பதினேழாம் எண்ணுக்கு நேரே, பட்டதற்குக் காரணம்: நோய் என்றிருந்தது. அதை அடித்துவிட்டு, மாமாவின் முழுப் பெயரை எழுதினாள்.