அண்ணன் பேருக்கு ஒரு அர்ச்சனை

பேய், பிசாசுன்னா சிரிக்கிற ஆளுங்க நான். எம்.எஸ்சி படிச்சுட்டு ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு லேப்ல வேலை பார்க்கிறேன். நீங்க நம்பலைன்னாலும் பரவால்ல, உங்க இடத்துல இருந்தா நானும்தான் நம்ப மாட்டேன். ஆனா நடந்தது நடந்ததுதான்.

எங்க வேலை ஈரல் கேன்சர் செல்லை வெச்சு. அதுக்குள்ள ஒரு ஜீன் இருக்குது, அதோட வாயை அடைச்சுட்டா செல்லு பெருகறது குறைஞ்சிரும், பரவறதும் நின்னுரும். எப்படித் தெரியும்னா, தட்டு நிறைய செல்லு வளர்த்து நடுவுல ஒரு கோடு கிழிப்போம். சாதா செல்லு நகர்ந்து வந்து கோட்டை மூடிரும். ஜீனை அடக்கின செல்லு நகராது, கோடு அப்படியே நிக்கும். எத்தனையோ தட்டு பார்த்தாச்சு, தப்பினதே இல்ல.

இதுல கொடுமை என்னன்னா, எங்க அண்ணன் சிவராஜுக்கும் அதே ஈரல் கேன்சர். மத்திகிரில வாடகை வீட்ல அண்ணிதான் வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. பரவாம இருந்தா பொழைச்சுக்குவார்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலைல கோடு கிழிச்சு தட்டுங்களை இன்குபேட்டர்ல வெச்சேன். செல்லு வளர்ற சூடான பெட்டிங்க அது. பூஜைக்கு வந்த ஐயர் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சுட்டு, அதுகிட்ட வந்து நின்னு, "யார் பேருக்காவது அர்ச்சனை பண்ணணுமாம்மா?"ன்னார். எனக்கு எந்நேரமும் அண்ணன் நெனப்புதானே, யோசிக்கவே இல்ல, "சிவராஜ், சதய நட்சத்திரம், நல்லா இருக்கணும் சாமி"ன்னுட்டேன். அவரும் பேரைச் சொல்லி, ஆயுசு விருத்தியாகணும், வம்சம் விருத்தியாகணும்னு மந்திரம் சொல்லி அட்சதையை எங்க போட்டார்? அந்தப் பெட்டி மேல. நானும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு நின்னேன், பைத்தியக்காரி.

லீவு முடிஞ்சு வந்து மைக்ரோஸ்கோப்ல பார்க்கிறேன், ஜீனை அடக்கின தட்டுல கோட்டையே காணோம். மூடினது மட்டுமில்ல, செல்லுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குது. சாதா தட்டுகூட அப்படி இல்ல. தட்டு மாறிப்போச்சோன்னு சோதிச்சோம். மாறல, ஜீன் அடங்கித்தான் இருக்கு. அப்பதான் அண்ணி போன். "வாணி, பூஜையன்னிக்கு மத்தியானத்துல இருந்து வயித்து வலின்னு துடிக்கிறாரு. நெஞ்சுக்கும் பரவிருச்சாம், ஸ்கேன்ல சொல்றாங்க"ன்னு அழறாங்க.

தட்டுல பிளீச் ஊத்திக் கொன்னுடலாம்னு பாட்டிலை எடுத்தேன். ஊத்த முடியலைங்க. ஊத்தினா செல்லு மட்டும்தான் சாகும்னு யாருக்குத் தெரியும்? பெங்களூர்ல இருந்து வர்ற எங்க மேடம் பார்த்துட்டு, "ஏய், கொட்டாதே! வித்தியாசமா இருக்கு, ஆமேலே, அப்புறமா பார்க்கலாம், மொதல்ல ஃப்ரீஸ் பண்ணு"ன்னாங்க. செல்லை வழிச்சு சின்னக் குப்பில போட்டு திரவ நைட்ரஜன் தொட்டில இறக்கினேன். அந்தக் குளிர்ல செல்லு சாகாது, வளராது.

அன்னிக்கு சாயங்காலமே அண்ணனுக்கு வலி நின்னுபோச்சு. அப்புறம் எடுத்த ஸ்கேன்ல எல்லாம் கட்டி அப்படியே நிக்குது, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மாத்திரை வேலை செய்யுதுன்னார் டாக்டர். ஆனா அண்ணன் சித்திரை வெயில்லயும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்குவார், கையைத் தொட்டா நமக்கே ஜில்லுங்கும்.

பெங்களூர்ல நல்ல வேலைக்குக் கூப்பிட்டாங்க, நான் போகல. நைட்ரஜன் ஆவியாப் போய்க்கிட்டே இருக்கும், தொட்டி குறையக் குறைய ஊத்தணும். அதை இன்னொருத்தரை நம்பி விட எனக்கு மனசில்ல. பயம்தாங்க, வேற என்ன.

இந்த வாரம் நைட்ரஜன் லோடு வரல, வண்டி ரிப்பேராம். காலைல குச்சி விட்டுப் பார்த்தேன், தொட்டி அடில கொஞ்சம்தான் கிடக்குது. கம்பெனிக்காரனுக்குப் போன் பண்ணிப் பண்ணி ஓய்ஞ்சுட்டேன். நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடி அண்ணி கூப்பிட்டாங்க. அவங்க குரல்ல அவ்ளோ சந்தோஷத்தைக் கேட்டு எத்தனை நாளாச்சு.

"வாணி, உங்கண்ணன் ஸ்வெட்டரைக் கழட்டிப் போட்டுட்டாரு. வேர்க்குதாம், ஃபேன் போடச் சொல்றாரு"ன்னாங்க.