இறங்காத பத்துப் படிகள்

இந்த 1991 ஐப்பசியில், படப்பையில் இப்போதிருக்கும் என் வீட்டில் நனைந்து கிடந்த நெல் மூட்டையைப் பிரித்ததும் எழுந்த புளித்த வாடை, வல்லக்கோட்டையில் ஏரிக்கரைக்குக் கீழே இருந்து, பின்பு இடிக்கப்பட்ட எங்கள் பழைய வீட்டின் நிலவறைக்கு என்னை இழுத்துப் போனது. ஏரி நிறைந்தால் நிலவறைத் தரையில் ஊற்றுக் கிளம்பும். சாயங்காலந்தோறும் விளக்கோடு பத்துப் படி இறங்கி, தண்ணீர் எத்தனை விரல் என்று பார்த்துச் சொல்வது, அப்போது சிறுவனாயிருந்த என் வேலை. சொன்னால் இறைத்துக் கொட்டுவது பண்ணையாள் முனுசாமியின் வேலை. தவளைச் சத்தத்துக்குப் பயந்து, மூன்று நாள் மேல்படியிலேயே நின்றுவிட்டு, காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள், நிலவறையில் அடுக்கியிருந்த விதைநெல் நனைந்து முளைவிட்டிருந்தது.

“இன்னாடா, தூங்கிக்கினு இருந்தியா?” என்று அப்பா முனுசாமியிடம் பாய்ந்தார்.

“சின்னவரு காஞ்சி கீதுன்னாருங்களே.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து எறங்கிப் பாத்தேம்பா, காஞ்சிதான் இருந்துது.”

முனுசாமி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்போ நான்தாங்க ஒரு தபா பாத்திருக்கணும்” என்றார். அன்றே அவருக்கு வேலை போயிற்று.

பின்னாளில் பொறியாளராகி, நேரில் பார்க்காமல் அளவு எழுதியவர்கள் எத்தனையோ பேருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினேன். விதி அப்படி. எனக்குத்தான் யாரும் அனுப்பவில்லை.