பயத்தில் தின்ற சோறு

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நாங்கள் விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். என் கணவர் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். வீட்டில் அவர், அவருடைய அம்மா, நான். எனக்குக் கல்யாணமான புதிது.

அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டது. அத்தைதான் சோறு போடுவார். முதலில் மகனுக்கு, அப்புறம் அவர் கொண்டுபோகும் தூக்குக்கு, கடைசியில் எங்கள் இருவருக்கும். "போதும் அத்தை" என்று நான் பாதியிலேயே கையை மறிப்பேன். நெருப்பின் முன்னால் நின்று உழைக்கிறவருக்கு மிஞ்சட்டுமே என்றிருக்கும். யாரும் என்னைப் பட்டினி போடவில்லை, நானே கிடந்தேன்.

வேலைக்குக் கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கண்ட நேரத்தில் ஓடின. திண்டிவனம் பக்கம் எங்கேயாவது நிறுத்திப் போட்டால் போட்டதுதான். அவர் தெருமுனை திரும்பியதுமே என் வயிற்றுக்குள் ஏதோ முறுக்க ஆரம்பிக்கும். அத்தை தண்ணீருக்குப் போகும் சமயம் பார்த்து அடுப்பண்டை போவேன். வேர்க்கடலை டின் அங்கேதான் இருக்கும். ஒரு பிடி மல்லாட்டை என்றுதான் எடுப்பேன். கை நிற்காது. பசித்துச் சாப்பிட்டால் உப்பு, காரம் தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. வாய் பாட்டுக்கு மெல்லும். காது மட்டும் வண்டிச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் வயிறு கல்லாய்க் கனக்கும், அழுகை வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் விரதம். உச்சிவேளையில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். எஞ்சின் ஷெட்டில் வேலை செய்பவர்.

"திண்டிவனத்தாண்ட எஞ்சின் ஒண்ணு தடம் எறங்கிடுச்சாம். யாருக்கோ அடியாம். யாருன்னு தெரியல."

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "நீ இங்கயே இரு. நான் போய்க் கேட்டுக்கினு வர்றேன்."

அத்தை போனதும் கதவை ஒருக்களித்துவிட்டுப் பானையைத் திறந்தேன். அவருக்காக வைத்திருந்த சோறு. குழம்பு ஊற்றக்கூடத் தோன்றவில்லை. வெறும் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். அது தீர்ந்ததும் சட்டியிலிருந்த கேப்பைக் களி. பிறகு மல்லாட்டை டின். ஸ்டேஷன் பக்கம் ஒரு விசில் கேட்டது. மெல்லாமல் விழுங்கிவிட்டேன். தொண்டை அடைத்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கண் இருண்டது. ஒரு வழியாக இருமி வெளியே வந்தது. தண்ணீர் குடித்தேன். அப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மறுபடி கை டின்னுக்குள் போனது.

அத்தை ஓட்டமும் நடையுமாக வந்தார். "அவன் வண்டி இல்லியாம்! அவன் வண்டி அதுக்குப் பின்னாடி நிக்குதாம். நல்லா இருக்கான்."

சொல்லிக்கொண்டே பானையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"யாரு வந்தாங்க?"

"யாரும் வரல அத்தை. நான்தான் துன்னுட்டேன்."

"எல்லாத்தையுமா?" என் வயிற்றைப் பார்த்தார். "உண்டாயிருக்கியா?"

"இல்லீங்க அத்தை."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அவன் வந்தா நான் என்னாத்த போடறது?"

அப்புறம் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். கேப்பை மாவைக் கிண்டினார். என்னைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

பொழுது சாய என் கணவர் வந்தார், முகமெல்லாம் கரி. அத்தை எல்லாவற்றையும் சொன்னார். கைகழுவப் போனவர் என்னைக் கூப்பிட்டார்.

"எப்பெல்லாம் இப்படி வருது?"

"நீங்க போனப்புறம். சேதி தெரியாம இருக்கறப்ப."

"பசியில்லியா?"

"பசியும் இருக்குதுங்க. ஆனா பசிக்காகத் துன்னல."

ரொம்ப நேரம் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "எனக்கும் அங்க வயிறு கலங்கும்" என்றார். "நான் பீடி புடிப்பேன்."

அதன் பிறகு திண்டிவனத்திலிருந்து வண்டி கொண்டுவருகிற ஆட்களிடம் சொல்லி வைத்தார். எங்கள் தெரு வழியாகப் போகிறவர்கள், "உங்க ஆளு அங்க நிக்கறாரும்மா, சாயங்காலம் வந்துடுவாரு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டாலே வயிற்று முறுக்கல் பாதி தளர்ந்துவிடும்.

அத்தை ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. மல்லாட்டை டின்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் மறுநாள் நான் வழக்கம்போலக் கையை மறித்தபோது, "கைய எடு" என்று அகப்பையாலேயே தள்ளிவிட்டுத் தட்டு நிறையப் போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பழக்கம் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. என் கணவர் காய்ச்சலில் கிடந்தபோது ஒருமுறை வந்தது. என் தம்பி பட்டாளத்தில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்ட அன்றும் வந்தது. பிறகு இடைவெளி நீண்டுகொண்டே போனது. கடைசியாக எப்போது அப்படித் தின்றேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.