ஊதாக் கட்டம்

அப்பாவின் இடது மார்பில் ஊதா மையால் ஒரு கட்டம் வரையப்பட்டிருந்தது. புற்று மூச்சுக்குழலை அடைத்ததால் அந்தப் பக்கத்து நுரையீரல் காற்றின்றிச் சுருங்கிவிட்டது என்றும், கட்டத்துக்குள் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் கட்டி கரைந்து வழி திறக்கலாம் என்றும் சென்னை டாக்டர் சொல்லியிருந்தார். சிகிச்சையின் பாதியிலேயே தோல் வெந்துபோயிற்று. ஆறும் வரை மதுரைக்கு அனுப்பிவைத்தார்கள். தண்ணீரோ எண்ணெயோ படக்கூடாது; கோடு அழியக்கூடாது.

கல்லூரி நேரம் போக, நான் அந்தக் கோட்டுக்குக் காவல். ஜன்னலைத் திறந்தால் புழுதி, சாத்தினால் புழுக்கம். அப்பா வலப்பக்கம் ஒருக்களித்தே கிடந்தார்; புரண்டால் மூச்சு வாங்கியது. வியர்வை கோட்டை நெருங்கும்போதெல்லாம் விசிறியை எடுத்தேன். அவரால் அறையைவிட்டு நகர முடியவில்லை, என்னாலும்தான்.

தீபாவளிக்கு முதல் நாள் கப்பலூரிலிருந்து அப்பாவின் அக்கா வந்தார்.

"என்ன தம்பி, ரயில் பார்சல் மாதிரி முத்திரை குத்தி விட்ருக்காக?"

"திரும்பப் போற பார்சல்க்கா. முத்திரை அழிஞ்சா வாங்க மாட்டாக."

விடியலில் அத்தை நல்லெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்தார்.

"வேணாம் அத்தை."

"தீபாவளியும் அதுவுமா எண்ணெ வைக்காமக் கெடந்தா துக்க வீடுன்னுல்ல அர்த்தம், தாயி? உச்சியில ஒரு சொட்டு."

அப்பாதான் முடிவு செய்தார்.

"வைக்கட்டும்மா."

அத்தையின் கை ஒரு சொட்டோடு நிற்கிற கையன்று. அப்பா எழுந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். காதுக்குப் பின்னால் இறங்கிய எண்ணெய் கழுத்தைக் கடந்து மார்புக்கு வந்துவிட்டது. துணியால் ஒற்றினேன். துணி ஊதாவாயிற்று. மேல்கோடு இல்லை.

"படிச்ச புள்ளதான நீ? பேனாவை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துரு" என்றார் அத்தை, குரல் இறங்கி.

கோடு இருந்த இடம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு விரற்கடை பிசகினால் கதிர் எதைச் சுடும்? நான் பேனாவைத் தொடவில்லை.

தோல் ஆறியதும் கிளம்பினோம். யுத்த காலத்து ரயில் கூட்டத்தில் சாய இடமின்றி, அப்பா சென்னை வரை நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தார். டாக்டர் மார்பைப் பார்த்தார்.

"தீபாவளியா?"

நாங்கள் தலைகுனிந்தோம்.

"பாதிப் பேர் இப்படித்தான் வர்றாங்க."

புதிதாகப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்தபின் டாக்டர் அப்பாவின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கீழ்ப்பகுதியில் கொஞ்சம் காற்றுப் போகிறதாம். மேலே இன்னும் அடைப்புத்தானாம். படத்தை வைத்து அளந்து, மறுபடி கட்டம் வரைந்தார். மை ஈரமாக மின்னியது.

அப்பா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து என்ன பண்டிகைம்மா?"

"கார்த்திகை."

"அதுக்கும் எண்ணெ வேணுமே?"

"விளக்குக்குத்தான்ப்பா."