அறுநூற்று மூன்று

இன்டர்நெட் ஃபோன் திருத்துகிற அந்த அக்கா எங்கள் தனியார் மருத்துவமனைக்கு ஒருமுறைதான் வந்தார். மெலிந்த உடம்பு, நெற்றிக்கு மேலே தூக்கிவிட்ட கண்ணாடி. திரையில் வருகிற ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டு வாசிப்பார்.

அவர் வருவதற்கு முதல்நாள் மத்தியானம் தொண்டைமானாற்றுப் பெண் ஒருவர், நெஞ்சுவலி வந்த புருசனுக்கு அம்புலன்ஸ் கேட்டு எங்களுக்கு நாலு தரம் அழைப்பு எடுத்திருந்தார். ஒருவரும் பேசவில்லை. ஓட்டோவில் கொண்டுவரும் வழியிலேயே அந்த மனிதரின் உயிர் போய்விட்டது.

"லைன் பழுது எண்டு எழுதித் தாங்கோ" என்றார் முகாமையாளர்.

"அறுநூற்றி மூண்டு" என்று, திரையில் அந்த நாலு அழைப்புகளுக்கும் நேரே இருந்ததை அக்கா நாலு தரம் வாசித்தார். பிறகு எழும்பி நின்றார்.

"லைன் பழுதெண்டால் வேறை நம்பர் காட்டும். உது, மணி அடிக்கேக்கை ஒராள் வேண்டாமெண்டு வெட்டினது. நாலும் உங்கடை அறை ஃபோனிலை. பொய் எழுத என்னைக் கூப்பிட்டனீங்களோ?"

அக்காவின் முகம் கோபத்தில் கறுத்திருந்தது. உள்ளதை எழுதி மேசையில் போட்டார்.

நான் வரவேற்பில் இருந்தேன். சாப்பாட்டு நேரத்து அழைப்புகள் முகாமையாளரின் அறைக்குப் போவதும், அவர் வெட்டுவதும் எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று வாய்திறக்கவில்லை.

போகும்போது அக்கா என்னிடம் நின்றார்.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் அக்கா."

"அப்ப உம்மடை பேரையும் எழுதியிருக்கவேணும்."

அந்த அறிக்கையால் முகாமையாளரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் இன்னும் அங்கேதான் வேலைசெய்கிறேன். அவ்வளவு கோபத்தோடு போனவர் திரும்பிவந்து என் பெயரை ஏன் எழுதவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.